செய்தவர்தான் அழிக்கலாம்

அத்தியாயம் பதினொன்று

அந்த வீட்டில் ஒரு வாரமாக யாரும் குரலை உயர்த்தவில்லை. சண்டை என்று சொல்ல எதுவும் நடக்கவுமில்லை.

போன வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சிறிதேவி சொன்னாள். வேலை செய்துகொண்டே படிக்கலாம், நான்கு வருடம் என்றாள். "நாலு வருஷமோ?" என்று கேட்டார் இரவீந்திரன். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவினார். அதன்பின் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அதைப் பற்றிக் கதைக்காமல் இருப்பதற்காக வேறு எதைப் பற்றியும் கதைக்கவில்லை.

மற்றதெல்லாம் கணினித் திரையில் நடந்தது.

கணினி வரவேற்பறை மூலையில், சாமிப்படத் தட்டுக்குக் கீழே இருந்தது. போன இலையுதிர்காலத்தில் மகள் ராகவி அதில் ஒரு சின்ன நிரலைப் போட்டுவிட்டாள். திரையில் சிறுசிறு துண்டுகள் ஒட்டிவைத்ததுபோல் நிற்கும். அம்மாவுக்கு மஞ்சள், அப்பாவுக்கு நீலம், ராகவிக்கு ரோசா. அப்பா பேருந்து ஓட்டுகிறார், அம்மா முதியோர் இல்லத்தில் உதவித் தாதி. இரண்டு பேருக்கும் மாறிமாறி வேலை. ராகவிக்கு உயர்தரப் பாடசாலையில் கடைசி வருடம். ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் அந்த மூன்றாம் மாடி வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக இருக்கும் நேரம் குறைவு. குளிர்ப்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிய கடதாசிகள் அதன் பின்னால் விழுந்து தொலைந்தன. திரையில் ஒட்டியவை விழவில்லை.

சிறிதேவி தமிழில் தட்டுவாள். விசைப்பலகையில் ராகவி தமிழ் எழுத்துகளை வெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தாள். இரவீந்திரனுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுவார்.

தொடக்கத்தில் ஒரு பிழை நடந்தது. பல் வைத்தியரிடம் போகவேண்டிய நாளைச் சிறிதேவி ஒரு துண்டில் எழுதியிருந்தாள். இரவீந்திரன் அதை அழித்துவிட்டார். கேட்டதற்கு, "வாசிச்சனான், அழிச்சனான்" என்றார். அவள் அந்த நாளைத் தவறவிட்டாள். அன்றைக்கு ராகவி ஒரு சட்டம் போட்டாள். வாசித்தவர் அழிக்கக்கூடாது. செய்தவர்தான் அழிக்கலாம். துண்டு நின்றால் வேலை மிச்சம், துண்டு இல்லாவிட்டால் வேலை முடிந்தது.

அதன்பிறகு பிழை வரவில்லை.

இந்த வாரம் துண்டுகளின் தொனி மாறியிருந்தது. சிறிதேவி கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டிலும் தொலைபேசியிலும் "இஞ்சாருங்கோ"தான். துண்டையும் அப்படித்தான் தொடங்குவாள். "இஞ்சாருங்கோ, வரேக்கை பால்." இப்போது அந்தச் சொல் காணாமல் போயிருந்தது. "கறி குளிர்ப்பெட்டியில். சூடாக்கவும்." அதன் பக்கத்தில் நீலத்தில் பதில்: "சூடாக்கியாச்சு." கொம்யூன் அலுவலகத்திலிருந்து வருகிற கடிதம் மாதிரி இருக்கிறது என்று ராகவி சொல்லிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சிறிதேவி இன்னொரு துண்டு ஒட்டினாள். அதில் யாரையும் விளிக்கவில்லை.

"கடித உறை. தபால். 15க்குள்."

உறை கணினி மேசை லாச்சியில் இருந்தது. பெரிய மண்ணிற உறை. விண்ணப்பம், மாலை வகுப்பில் அவள் மூன்று வருடம் படித்துப் பெற்ற பெறுபேறுகளின் உறுதிப்படுத்திய பிரதிகள், முதியோர் இல்லத் தலைவி கையெழுத்திட்ட கடிதம், எல்லாம் உள்ளே. அந்தக் கடிதத்துக்காக மட்டும் இரண்டு கிழமை காத்திருந்தாள். பதினைந்தாம் திகதி முத்திரை விழுந்தால் போதும். அதற்குப் பிந்தினால் அடுத்த அனுமதி இரண்டு வருடம் கழித்து. சிறிதேவிக்கு நாற்பத்திரண்டு முடிந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து இதே துணிவு தனக்கு இருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும், பிறகு போடலாம் என்று உறையை வைத்திருந்தாள். ராகவியிடம், "நான் போடாட்டி நீ போட்டுவிடு" என்று சொல்லியிருந்தாள். அதே பதினைந்தாம் திகதிதான் ராகவியின் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கும் கடைசி நாள். ராகவி தன்னுடையதை இணையத்தில் புதன்கிழமையே அனுப்பிவிட்டு, தன் ரோசாத் துண்டை அழித்துவிட்டாள். முதல் தெரிவாக எதைப் போட்டாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, சிறுவயதிலிருந்து பேசிவைத்த படிப்புத்தான் என்று தாயும் தகப்பனும் நினைத்தார்கள்.

வியாழக்கிழமை சித்திரை வருடப்பிறப்பு. அன்று பின்னேரம் சிறிதேவி வேலையால் வந்து கணினியைத் திறந்தபோது உறை பற்றிய மஞ்சள் துண்டு இல்லை. அவளுக்கு உடம்பு இலேசானது. பிள்ளை போட்டுவிட்டாள் என்று நினைத்தாள். அதை விசாரிக்க நேரம் இருக்கவில்லை. இரவீந்திரனின் தமக்கை யோகாம்பாள் குடும்பத்தோடு வந்துவிட்டார். பாடசாலையால் வந்து திரையைப் பார்த்த ராகவியும், அம்மா போட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில், முதியோர் இல்லத்தின் பணியாளர் அறையிலிருந்து சிறிதேவி மகளுக்குத் தொலைபேசி எடுத்தாள். நன்றி சொல்லத்தான் எடுத்தாள்.

"நேரத்தோடை போட்டது நல்லம் பிள்ளை. இண்டைக்குக் கடைசி நாள். தபால் கந்தோரிலை சனமாயிருக்கும்."

"எதை அம்மா?"

"கடிதத்தை."

ராகவி பாடசாலை விறாந்தையில் நின்றாள். பின்னால் யாரோ அலுமாரிக் கதவை அடித்துச் சாத்துவது கேட்டது.

"நான் போடேல்லை. நீங்கள்தானே போட்டனீங்கள்?"

"நான் போடேல்லை."

"துண்டு இல்லையே அம்மா. நீங்கள் அழிக்கேல்லையோ?"

"நீ அழிக்கேல்லையோ?"

ராகவி பையைத் தோளில் மாட்டினாள். பிறகு ராகவி, தான் இப்போதே வீட்டுக்குப் போவதாகவும், உறையை எடுத்துக்கொண்டு நேரே தபாலுக்குப் போவதாகவும், பிரிஸ்ட் முடிய இன்னும் பின்னேரம் முழுக்க இருக்கிறதென்றும் சொன்னாள். கடைசி நாளைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்கு எப்போதும் நோர்வேஜியச் சொல்தான் முதலில் வரும். பயப்பட ஒன்றுமில்லை என்றாள். அப்போது அதை நம்பித்தான் சொன்னாள்.

லாச்சி வெறுமையாக இருந்தது.

வெறுமை என்றால் முழு வெறுமை இல்லை. பழைய பற்றரிகள், வருடப்பிறப்புக்குக் கோயிலில் கொடுத்த சுபநேரத் தாள், ஒரு கத்தரிக்கோல். உறை மட்டும் இல்லை. ராகவி மற்ற லாச்சிகளையும் இழுத்துப் பார்த்தாள். சாமிப்படத் தட்டில், கட்டிலடியில், அம்மாவின் கைப்பையில் தேடினாள். கடைசியாகக் குசினியில் கழிவுக் கடதாசி போடும் பையைத் தரையில் கொட்டிப் பார்த்தாள். விளம்பரத் தாள்களும் பால் பெட்டிகளும்தான் வந்தன. அந்தப் பையில் தேடியதை அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

"லாச்சியிலை இல்லை அம்மா. ஒரு இடமும் இல்லை," என்று மறுபடி தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

சிறிதேவி எழும்பிப் பணியாளர் அறைக் கதவைச் சாத்தினாள்.

"அப்பாவுக்கு எடுத்தனான். நிப்பாட்டி வைச்சிருக்கிறார்," என்றாள் ராகவி. ஓட்டும்போது அவர் தொலைபேசியை நிறுத்தித்தான் வைப்பார். அது வழக்கம். ஆனால் இன்று அதுவும் ஒரு பதில்போல இருந்தது. "அம்மா, அப்பா…"

"அப்பாவைப் பற்றி ஒண்டும் சொல்லாதை."

சொல்லவில்லை என்றாலும் இரண்டு பேரும் ஒன்றையே நினைத்தார்கள். நேற்றுப் பின்னேரம் யோகாம்பாள் பலகாரத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னது. மகள் படிக்கிற வயதில் தாயும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போனால் இந்த வீட்டில் சமைக்கிறது ஆர் என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எல்லோரும் இரவீந்திரனைப் பார்த்தார்கள். அவர் ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்து, பாதியாக உடைத்து, இரண்டு பாதியையும் ஆறுதலாகச் சாப்பிட்டார்.

வாசிச்சனான், அழிச்சனான்.

சிறிதேவி கேட்டாள்: "அப்பான்ரை நீலத் துண்டு நிக்குதோ?"

நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் அந்த வார வேலை நேரத்தை ஒரு நீலத் துண்டில் போட்டுவிடுவார். இந்த ஒரு வாரத்திலும் அதை மறக்கவில்லை. ராகவி வாசித்தாள். வெள்ளிக்கிழமை, எந்த வழி, எப்போது மோர்டென்ஸ்ருட் நிலையத்தடிக்கு வருவார் என்று அதில் இருந்தது.

"நான் அங்கை போறன்," என்றாள் சிறிதேவி.

மற்ற உதவித் தாதியிடம் தன் கடைசி இரண்டு அறைகளையும் ஒப்படைத்தாள். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. சிறிதேவி முன்பு ஒருநாளும் நேரத்துக்கு முன் போனதில்லை. ஸ்குல்லெருட் நிலையத்தில் நிலக்கீழ் ரயிலில் ஏறி, கதவோரம் நின்றபடியே வந்தாள். இருக்கைகள் இருந்தன. இருக்க முடியவில்லை.

நிலையத்தடியில் குளிர்காலத்தில் வழுக்காமலிருக்கக் கொட்டிய குறுணிக்கற்களை ஒரு வண்டி கூட்டிக்கொண்டு போனது. தூசி எழுந்தது. எதிரே கடைத்தொகுதிக்குள் தபால் பிரிவு ஆறு மணிவரை திறந்திருக்கும். உறை கையில் கிடைத்தால் ஓடிப்போய்ப் போடலாம். கிழித்துப் போட்டிருந்தால்? பிரதிகளுக்கு மறுபடி முத்திரை வாங்க வேண்டும். தலைவி விடுமுறையில் போய்விட்டார். இன்று ஆறு மணிக்குள் அது நடக்காது. அவள் அதை இரண்டு தரம் யோசித்துப் பார்த்தாள். இரண்டு தரமும் நடக்கவில்லை.

கணவனைப் பற்றி அவள் யோசிக்க முயன்றது வேறு. இருபது வருடத்தில் அவர் அவளுடைய எந்தப் பொருளையும் எடுத்து ஒளித்ததில்லை. கோபம் வந்தால் கதைக்கமாட்டார், அவ்வளவுதான். ஆனால் கதைக்காத மனிதன் என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்?

பேருந்து வந்தது. வரிசையில் நின்று ஏறினாள். பழக்கத்தில் மாதச் சீட்டை எடுத்துக் காட்டினாள்.

இரவீந்திரன் சீட்டைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். வேலைச் சட்டையோடு வந்திருந்தாள், மேல் அங்கியின் பொத்தான்கூடப் பூட்டவில்லை.

"பிள்ளைக்கு ஏதும்…?"

அது ஒரு வாரத்தில் அவர் அவளிடம் வாயால் கேட்ட முதல் கேள்வி. அவள் இல்லை என்று தலையாட்டினாள். பின்னால் தள்ளுவண்டியோடு ஒரு தாய் காத்திருந்தாள். சிறிதேவி உள்ளே நகர்ந்து, முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடும்போது சாரதியுடன் கதைக்கக்கூடாது என்று அவள் முகத்துக்கு நேரே எழுதியிருந்தது. அவள் கதைக்கவில்லை. அவர் கண்ணாடியில் அவளைப் பார்ப்பதும் வீதியைப் பார்ப்பதுமாக ஓட்டினார். வரிசை வீடுகள் போயின. பைன் மரங்களுக்குக் கீழே அழுக்கான பனி கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒவ்வொரு தரிப்பிலும் ஆட்கள் இறங்கினார்கள்.

கடைசித் தரிப்பில் பேருந்து வெறுமையானது. இயந்திரத்தை நிறுத்தினார். திடீரென்று மிகவும் அமைதியாக இருந்தது.

"லாச்சிக்கை இருந்த கடிதம் எங்கை?" என்று கேட்டாள்.  

"போட்டாச்சு."

"எங்கை போட்டாச்சு?"

"தபாலிலை. வேறை எங்கை போடுறது?" சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து, அதன் பின்னால் மடித்து வைத்திருந்த ரசீதைக் கொடுத்தார். "பதிவுத் தபாலிலை போட்டனான். நேற்று. கோயில் தாளிலை புதுக்கருமம் தொடங்க நேரம் போட்டிருந்தது. அந்த நேரம் எனக்கு இரண்டு ஓட்டத்துக்கு இடையிலை வந்தது. வீட்டை வந்து எடுத்துக்கொண்டு போனனான்."

ரசீதில் நேற்றைய முத்திரை இருந்தது. கல்லூரியின் பெயர் இருந்தது. சிறிதேவி அதை முழுக்க வாசித்தாள். பிறகு முன் இருக்கையில் இருந்தாள். 

"ஏன் சொல்லேல்லை?"

"துண்டை அழிச்சனான்தானே," என்றார் இரவீந்திரன்.

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே அதைச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்திருந்தார்.

"ஆர் அழிச்சதெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"வீட்டிலை மூண்டு பேர்தானே. நீரும் போடேல்லை, பிள்ளையும் போடேல்லையெண்டால் நான்தானே."

சிறிதேவி ரசீதை மடித்தாள். கணக்கு மிகவும் சின்னது. துண்டு இல்லாவிட்டால் வேலை முடிந்தது. சட்டத்தில் பிழை இல்லை. அவள்தான் இரண்டு பேரை மட்டும் எண்ணியிருந்தாள்.

சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் நனைந்தது. அவர் வெளியே பார்த்தார்.

"நாலு வருஷம் எண்டு நீர் சொன்னதும் எனக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை," என்றார். "பின்னேர வேலை வந்தால் நீர் வகுப்புக்குப் போற நாளிலை வீட்டை ஆர் பாக்கிறது? ஒகஸ்டிலை இருந்து எனக்கு விடிய வேலை மட்டும் தாங்கோ எண்டு டிப்போவிலை கேட்டிருக்கிறன். பதில் வரட்டும், வந்தாப்பிறகு கதைப்பம் எண்டு இருந்தனான்."

"வந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

"வராட்டி?"

"வராட்டி வேறை யோசிப்பம். கடிதம் போயிட்டுதெல்லோ."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நேற்று அக்கா அப்பிடிச் சொல்லேக்கை வாயைத் திறக்கேல்லை."

"அந்த நேரம் கடிதம் ஒஸ்லோ தாண்டியிருக்கும். பிறகு அக்காவோடை என்னத்தைக் கதைக்கிறது?"

திரும்பிப் போகும் நேரம் வந்தது. இயந்திரத்தை இயக்கினார். தரிப்பில் இரண்டு பேர் ஏறினார்கள். சிறிதேவி அதே முன் இருக்கையில் இருந்தாள். ராகவிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள். அப்பா போட்டுவிட்டார், நேற்றே, என்று மட்டும். பதில் உடனே வந்தது. அதில் எழுத்து ஒன்றும் இல்லை, கேள்விக்குறிகள்தான். இரண்டாவது செய்தியில், தரையில் கொட்டிய கடதாசியை இனித்தான் அள்ள வேண்டும் என்று இருந்தது. சிறிதேவிக்கு அது விளங்கவில்லை. நிலையத்தடி வரும்வரை அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டிய வீதி சுத்தமாக இருந்தது.

பின்னேரம் ராகவி இரண்டு பேரையும் கணினிக்கு முன்னால் நிறுத்திப் புதுச் சட்டம் சொன்னாள். இனிமேல் வேலை முடிந்தால் உடனே அழிக்கக்கூடாது. பெயரின் முதல் எழுத்தைப் போட்டு ஒருநாள் விடவேண்டும். எல்லோரும் பார்த்த பிறகுதான் அழிக்கலாம். இரவீந்திரன் ஒத்துக்கொண்டார். தான் சட்டப்படிதான் நடந்ததாக ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார். ராகவி அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். குசினிப் பையில் தேடியதை நினைத்திருப்பாள். அவருடைய தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

சிறிதேவி விசைப்பலகைக்கு முன் இருந்தாள். ஒரு மஞ்சள் துண்டைத் திறந்தாள். எழுத்துகளைத் தேடித்தேடி அமர்த்தினாள்.

"இஞ்சாருங்கோ, நாளைக்கு வரேக்கை பால்."

பால் வீட்டில் இருந்தது. இரண்டு பெட்டி இருந்தது. அவள் குசினிக்குப் போய்ச் சோற்றுக்கு அரிசி கழுவத் தொடங்கினாள்.

இரவீந்திரன் தேநீரோடு கணினியடிக்கு வந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மஞ்சள் துண்டை வாசித்தார். முதல் சொல்லை மறுபடி வாசித்தார். ஒற்றை விரலால் அதன் பக்கத்தில் நீலத்தில் பதில் போட்டார்: "ஓம்." இந்த ஒரு சொல்லுக்கு ஆங்கில எழுத்து இரண்டுதான் தேவைப்பட்டது.

எழும்பப் போனவர் நின்றார். திரையின் கீழ் மூலையில் ஒரு ரோசாத் துண்டு இருந்தது. சற்று முன் அது அங்கே இருக்கவில்லை. அவர்கள் சட்டம் கேட்டுவிட்டு நகர்ந்த நேரத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

"அப்பா, அம்மா, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு பேரும் வீட்டில் நில்லுங்கோ. நான் அனுப்பின விண்ணப்பத்தைப் பற்றிக் கதைக்க வேணும். முதல் தெரிவு நீங்கள் நினைக்கிறது இல்லை."

ராகவியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தமில்லை.

இரவீந்திரன் தேநீரை மேசையில் வைத்தார். கணினிச் சுட்டியைப் பிடித்த கை அசையவில்லை. வாசித்தாயிற்று, ஆனால் அழிக்க முடியாது. தனியாகச் செய்துமுடிக்கக்கூடிய வேலையாகவும் அது தெரியவில்லை.

குசினிப் பக்கம் திரும்பினார். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி, வாயைத் திறந்து கூப்பிட்டார்.

"இஞ்சாரும். ஒருக்கா இஞ்சை வந்து இதை வாசியும்."